இரண்டு கோவை

ஊர்வாரிக் கணக்கு திரையில் வந்து நின்றபோது, மேலே ஒரு கோவை, ஒன்பதாவது வரியில் இன்னொரு கோவை. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். கொம்பு, கால் எதிலும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு பார்சல் கம்பெனியில். இரண்டு வருட டெலிவரிப் பதிவு, ஏறக்குறைய 38 லட்சம் வரி, ஒரே சிஎஸ்வி கோப்பில். முதலில் எக்செல்லில்தான் திறந்தேன். 10,48,576 வரிக்கு மேல் அது ஏற்காது. அதைச் சொல்லும் எச்சரிக்கையை அவசரத்தில் மூடிவிட்டு, பிவோட் போட்டு மேலாளருக்கு அனுப்பியும் விட்டேன். "என்னப்பா, தென்காசிக்கு ஒரு பார்சல்கூடப் போகலையா?" என்றார். தென்காசிக் கிளை திறந்ததே போன வருஷம். அந்த வரிகள் எக்செல்லுக்குள் வந்தே சேரவில்லை. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் பட்டியலில் ஏறாமல் போனதும் இந்த வகைக் கோளாறுதான். அங்கே பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பின் 65,536 வரி எல்லை.

பிறகு பைத்தானுக்கு வந்தேன். முழுக் கோப்பையும் பாண்டாஸ் நூலகத்தில் ஒரேயடியாக ஏற்றப் போய் லேப்டாப் உறைந்தது. உண்மையில் அதற்குத் தேவையே இல்லை. ஒவ்வொரு வரியாகப் படித்து, ஊர்ப் பெயரைச் சாவியாக வைத்து ஒரு டிக்‌ஷனரியில் கூட்டிக்கொண்டே போனால் போதும். நினைவகத்தில் தங்குவது சில நூறு ஊர்கள் மட்டுமே. ஆனால் வரியைக் காற்புள்ளியில் நீங்களே வெட்டாதீர்கள். "12, வடக்கு மாட வீதி" என்ற முகவரி மேற்கோள் குறிக்குள் இருக்கும். வெட்டினால் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் தெரு வந்து உட்காரும். பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலுக்கு அது தெரியும். முதல் தலைப்பை மட்டும் "இல்லை" என்று ஸ்கிரிப்ட் அடம்பிடித்தால், கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பிஓஎம் குறி இருக்கும். என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் தீரும்.

இனி கோவைக்கு வருவோம். இரண்டையும் எத்தனை குறியீடு என்று எண்ணச் சொன்னேன். ஒன்று 4, மற்றது 5! யூனிகோடில் 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். எந்தக் கிளையில் எந்தத் தட்டச்சு மென்பொருளோ! ஒவ்வொரு பெயரையும் யூனிகோடின் சீர் வடிவமான என்எஃப்சிக்கு மாற்றி, ஓரத்து வெற்றிடத்தையும் நீக்கியதும் இரண்டு கோவையும் ஒன்றாயின.

ஸ்ரீரங்கம் அதற்கும் மசியவில்லை. 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். என்எஃப்சி இவற்றைச் சேர்க்காது. நானே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வரியைச் சேர்த்தேன். திருச்சி, திருச்சிராப்பள்ளி போன்றவற்றுக்குக் குறுக்கு வழி கிடையாது. கையால் ஒரு பெயர்ப் பட்டியல் போட்டேன், அரை நாள் போனது.

கடைசியில் எல்லா ஊர்களின் எண்ணிக்கையையும் கூட்டி, படித்த வரிகளோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூட விடுபடவில்லை. பட்டியலில் சேராத பெயர்களை 'மற்றவை' என்று தனியே ஒதுக்கியிருந்தேன். திறந்து பார்த்தால், ஊர் என்ற இடத்தில் ஒருவர் அடித்திருந்தார்: "அண்ணாச்சி கடை எதிரில்".