முதலில் மொட்டை மாடி, அப்புறம் மொபைல் ஆப்

வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் இப்போது இன்ஜினியரிடம் ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள்: கூப்பிட்டால் எரியும் விளக்கு, ஆபீஸிலிருந்தே ஓடவிடக்கூடிய ஏசி, கைபேசியில் திறக்கும் கதவு. 'ஸ்மார்ட்' என்ற அடைமொழி இருந்தாலே கரண்ட் பில் குறைந்துவிடும் என்று நினைப்பு. நம் வெயிலில் பில்லின் பெரும்பகுதியை எழுதுவது கூரையும் மேற்குச் சுவரும் ஜன்னலும்தான்.

"மின்சிக்கன விதியெல்லாம் ஐடி கம்பெனிக் கட்டடங்களுக்குத்தான், வீட்டுக்கு ஏது?"

இருக்கிறது. 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் ஒட்டுகிறதே பி.இ.இ., அந்த அமைப்பின் தயாரிப்பு. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மனத்தில் வைத்து எழுதியது. சென்னைக் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்று மேல். அரை கிரவுண்டில் கட்டுகிறவரை அது கேள்வி கேட்காது. ஆனாலும் அதிலுள்ள எண்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். கொத்தனாரோ கான்ட்ராக்டரோ அவற்றைத் தாமாகச் சொல்லப்போவதில்லை என்பதால் நாம்தான் கேட்க வேண்டும்.

"ஃபால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் மாடிச் சூடு இறங்காது"

அதிகப் பணம் வீணாவது இங்கேதான். ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலத்திலிருந்து அதை வீட்டுக்குள் கக்குகிறது. இரவு பத்து மணிக்கு மேல்மாடிப் படுக்கையறை புழுங்குவது இதனால்தான். கீழே தொங்கும் ஜிப்சம் பலகை அழகாக இருக்கும். நடுவிலுள்ள காற்றிடைவெளி கொஞ்சம் உதவும், அவ்வளவே. தளம் சூடானது சூடானதுதான். வெயிலைக் கான்கிரீட்டுக்கு மேலேயே மறிக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்த மொட்டை மாடிகள் மழைத் தண்ணீரை மட்டுமல்ல, சூட்டையும் ஓரளவு தடுத்தன. இன்று பல வீடுகளில் அதையும் விட்டுவிட்டு வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக, வெளிக்கும் உள்ளுக்கும் இடையிலான ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும், 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது சம்ஹிதா. வெறும் கான்கிரீட் தளத்தில் இறங்குவது ஏறத்தாழ அதற்கு மூன்று மடங்கு. பழைய சுண்ணாம்புத் தளமும் தனியாக அந்த அளவை எட்டாது. கான்கிரீட்டின் மேல் ஓர் அங்குலக் கனத்தில் எக்ஸ்.பி.எஸ். பலகை (தெர்மாகோலின் கெட்டியான உறவுக்காரர்) பரப்பி, அதன்மேல் தளமும் ஓடும் போட்டால் எட்டிவிடும். அதற்குக் கையில் காசில்லையென்றால் வெள்ளை ஓடு, அதுவும் இல்லையென்றால் வெள்ளை அடிப்பது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆனால் புழுதி படிந்தால் வேலை குறையும், கழுவித்தான் ஆக வேண்டும்.

"ஜன்னல் பெரிதாக இருந்தால் காற்று தானாக வரும்"

கண்ணாடி எவ்வளவு என்பது ஒரு கணக்கு, திறப்பது எவ்வளவு என்பது வேறு கணக்கு. சென்னை போன்ற புழுக்கமான கடலோர ஊர்களில், திறக்கக்கூடிய பரப்பு மட்டுமே தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கதவுள்ள ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். எல்லோரும் ஸ்லைடிங்கே கேட்கிறார்கள். எனக்கென்னவோ பழைய கொண்டிக் கதவு ஜன்னல்தான் பிடித்திருக்கிறது. மேற்கு ஜன்னலுக்குள்ளே கனத்த திரை தொங்கவிடுவதும் பெரிதாக உதவாது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் உள்ளே வந்த வெயில்தான். தடுப்பு வெளியே வேண்டும்: மூங்கில் தட்டி, சாய்வுத் தகடு, ஒரு வேப்பமரம், எதுவானாலும் சரி.

"ஏசியை 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும்"

குளிராது. பழைய வகை ஏசிக்கு ஒரே வேகம்தான். இன்வெர்ட்டர் ஏசியும் சூடான அறையில் முதலில் முழு மூச்சாகத்தான் ஓடும். 18 என்றால் அந்த ஓட்டம் நிற்காது, அவ்வளவே. 2020 முதல் நட்சத்திர ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. இன்னொன்று: நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். பழைய ஐந்து புதிய ஐந்து அல்ல; ஸ்டிக்கரில் இருக்கும் காலக்கெடுவைப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

"ஸ்மார்ட் பல்பு மின்சாரத்தை மிச்சப்படுத்தும்"

அணைந்திருக்கும்போதும் அது வைஃபைக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு அரை வாட் அளவில் ஓயாமல் செலவு. பூஜையறையில் தினம் ஒரு மணி நேரம் எரியும் 9 வாட் பல்பு என்றால், எரிவதற்கு ஆவதைவிடச் சும்மா இருப்பதற்கு அதிகம் ஆகும். வசதிக்காக வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அண்ணாந்து ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் சுமார். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 20 யூனிட் குறையும். இரண்டு ஃபேன் மாற்றினால் இரண்டு மாத பில்லில் 80 யூனிட். 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டு வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் விலையும் சேர்ந்து ஏறிவிடும்.

"சோலார் போட்டால் மின்வெட்டே தெரியாது"

சாதாரண ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மீது நம் மாடிக் கரண்ட் பாயாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வாங்க வேண்டும்.

"ஸ்மார்ட் சுவிட்சை எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்"

பிளக் பாயின்ட் உள்ள சுவிட்ச் போர்டில் பெரும்பாலும் தகராறில்லை. நியூட்ரல் கம்பி அங்கே இருக்கும். மாடிப்படி சுவிட்சிலும் கட்டில் பக்கத்துத் தனி சுவிட்சிலும் அது பெரும்பாலும் இருக்காது. ஸ்மார்ட் சுவிட்ச்களில் பலவும் அது இல்லாமல் ஓடாது. எலக்ட்ரீஷியன் பைப் புதைக்கும் அன்றைக்கே எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொன்னால் கொஞ்சம் ஒயர்ச் செலவோடு போகும். பூச்சும் பெயின்ட்டும் முடிந்த பிறகு நினைவுக்கு வந்தால் சுவரைத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.