இணையவழி ஏலமும் பெயர் மாற்றமும்

பழைய பொருளை நேரில் கண்டு, விலைபேசி வாங்குவது சந்தை மரபு. இணையவழி ஏலத்திலோ பலர் பொருளைக் காணாமலேயே விலை கேட்கின்றனர். விற்பவர் தரும் படமும் விவரமுமே அவர்களுக்குக் கண்கள். ஆகவே, பயன்படுத்திய மோட்டார் சைக்கிளை ஏலம் விடுபவர், அதன் தயாரிப்பு ஆண்டு, ஓடிய தொலைவு ஆகியவற்றோடு கீறலையும் பழுதையும் மறைக்காது குறிப்பிடுதல் வேண்டும். வண்டி கடனில் வாங்கப்பட்டிருப்பின், வங்கியின் தடையின்மைச் சான்றை முன்னரே பெறுதல் நன்று.

குறித்த நேரம் முடிந்ததும் உயர்ந்த விலை கேட்டவருக்கே ஏலம் முடிவாகிறது. எனினும், பணத்தைப் பெற்றுச் சாவியைக் கொடுப்பதோடு விற்பவரின் கடமை முடிவதில்லை. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50இன்படி, ஒரே மாநிலத்திற்குள் வண்டி கைமாறினால், விற்பவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும். இதற்குரியது படிவம் 29.

பெயர் மாற்றப்படாமல் பலரிடம் கைமாறிய கார் விபத்துக்குள்ளான வழக்கொன்றில், பதிவேட்டில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டி வாசலைவிட்டுச் சென்றாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரை பொறுப்பு விற்றவரைவிட்டு நீங்குவதில்லை.

கற்பவை கற்றபின்...
உங்கள் மிதிவண்டியை ஏலம் விடுவதற்குரிய விவரக்குறிப்பை, அதன் குறைகளையும் சேர்த்து எழுதுக.