குழுவில் கேள்வி கேட்க முடிகிறதா?



இம்மாதப் பாடம் பணத்தைப் பற்றியது. சரியாகச் சொன்னால், பணத்தைப் பற்றிப் பேசுகிற ஒருவரைச் சுற்றிக் கைப்பேசியில் சேருகிற கூட்டத்தைப் பற்றியது. "40 வயதில் வேலையை விடலாம், அதன்பின் உங்கள் பணம் உங்களுக்காக உழைக்கும்" என்று சொல்லும் ஆசிரியர்கள் இன்று தமிழிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நானும் 8 மாதம் இருந்தேன். அதை மறைத்துவிட்டு இந்தப் பாடத்தை எழுதுவது சரியல்ல.

ஆசை தவறல்ல

லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் சபுருக்குப் போகாத வீடு குறைவு. 20 வயதில் விமானம் ஏறியவர் பிள்ளை பிறந்ததையும் அத்தா மௌத்தானதையும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். அவர் "சீக்கிரம் ஊருக்குத் திரும்ப வேண்டும்" என்று நினைப்பது சோம்பல் அல்ல, குடும்பத்தோடு இருக்கும் ஆசை. அரியலூரில் சிமெண்ட் ஆலைத் தூசியில் 25 வருடம் நின்றவருக்கும் அதே ஆசைதான். ஆசிரியர்கள் தொடுவது இந்த இடத்தைத்தான். அதனால்தான் படித்தவர், படிக்காதவர் இருவரும் போய் உட்காருகிறார்கள்.

இந்த எண்ணம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1992-ல் அமெரிக்காவில் விக்கி ராபின், ஜோ டொமிங்கஸ் இருவரும் 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' என்ற நூலை எழுதினார்கள். 2011 முதல் பீட் அடனி என்பவர் 30 வயதில் வேலையை விட்ட தன் கதையை இணையத்தில் எழுத, அவரைச் சுற்றிப் பெரிய கூட்டம் சேர்ந்தது. அவர்கள் சொன்னதில் நல்லதும் உண்டு: வரவைவிடக் குறைவாகச் செலவு செய்யுங்கள், கடனில் பொருள் வாங்காதீர்கள், ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதுங்கள். இதை நம் பெரியவர்களும் சொன்னார்கள்.

கணக்கு எங்கே உதைக்கிறது?

இவர்கள் சொல்லும் சூத்திரம் '25 மடங்கு'. உங்கள் ஒரு வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால், வருடத்துக்கு 4 சதவீதம் எடுத்துச் சாப்பிடலாம் என்பது கணக்கு. மாதம் 25,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு வருடம் 3 லட்சம், 25 மடங்கு என்றால் 75 லட்சம். கேட்க எளிதாக இருக்கிறது.

ஆனால் இந்தச் சூத்திரம் 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் அந்த நாட்டுப் பங்குகளையும் கடன் பத்திரங்களையும் வைத்துப் போட்டது. அவர் அடிப்படையாக வைத்தது 30 வருட ஓய்வுக்காலம். 40 வயதில் நிறுத்துகிறவருக்கு 45 வருடம் தேவைப்படலாம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 25,000 ரூபாய்ச் செலவு 12 வருடத்தில் 50,000 ஆகும், 24 வருடத்தில் ஒரு லட்சம் ஆகும். மேலும் அந்தக் கடன் பத்திரம் வட்டி தருவது. வட்டியை விலக்குகிற நமக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இதைப் புரிந்துகொண்டவருக்கு 75 லட்சம் போதாது என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில்தான் ஆசிரியர் இரண்டாவது கதவைத் திறக்கிறார்: "சேமிப்பு மெதுவானது. நான் வேகமான வழி கற்றுத் தருகிறேன்."

அந்த வேகமான வழி பெரும்பாலும் 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் ஒப்பந்த வர்த்தகம். பங்கை வாங்கி வைப்பதல்ல, விலை ஏறுமா இறங்குமா என்று குறுகிய காலத்துக்குப் பணம் கட்டுவது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் இதில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

ஆசிரியருடைய வருமானம் எது?

2023 அக்டோபரில் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் வகுப்பு நடத்தியவர் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. பதிவு இல்லாமல் ஆலோசனை சொல்லி வசூலித்ததாக 17 கோடி ரூபாய்க்கு மேல் தனிக்கணக்கில் கட்டச் சொன்னது. அந்த உத்தரவின்படி, இரண்டரை வருடத்தில் அவருடைய சொந்த வர்த்தகத்தில் கிடைத்தது லாபம் அல்ல, 2 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம். அதாவது அவருக்கு வருமானம் சந்தையிலிருந்து வரவில்லை, மாணவர்களிடமிருந்து வந்தது. இந்த ஒரு செய்தியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கூட்டம் எப்படிக் கெட்டியாகிறது?

முதலில் இலவச வகுப்பு. பிறகு குழுவுக்கென்று சில சொற்கள். வேலைக்குப் போகிறவன் 'அடிமை', நாம் 'விழித்துக்கொண்டவர்கள்'. பிறகு தினமும் யாராவது ஒருவர் லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட் போடுவார். நட்டமடைந்தவர் வெட்கப்பட்டுப் பேசமாட்டார். நூறு பேரில் ஏழு பேர் பேச, 93 பேர் மௌனமாக இருந்தால், பார்க்கிறவருக்கு எல்லோரும் ஜெயிப்பது போலத்தான் தெரியும். கடைசியில் கட்டணக் குழு. பணம் கட்டியவர், கட்டியது வீண் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், தானே ஆசிரியருக்காக வாதாடுவார்.

2024 ஜனவரியில் கோவையில் இதைக் கண்ணால் பார்த்தோம். விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொன்ன மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது வழக்குப் பதிவானதும், நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்கள் நிறுவனத்தை எதிர்த்து வரவில்லை, ஆதரித்து வந்தார்கள்.

நம் சமுதாயத்துக்குத் தனிப் பாடம் பெங்களூரு ஐ.எம்.ஏ. 'ஹலால் முதலீடு' என்ற பெயரில் பணம் வாங்கிய அந்த நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தது. அதன் தலைவர் துபாய்க்குப் போய்விட்டார், ஜூலையில் டெல்லி திரும்பியபோது கைது செய்யப்பட்டார். பணம் கட்டிய பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நகையை விற்றுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். தாடியையும் ஸலாமையும் பார்த்துக் கணக்கைப் பார்க்காமல் விட்டதுதான் அங்கே நடந்தது.

என் பிழை

நான் இருந்த குழுவில் ஒரு நாள் ஒரு தம்பி கேட்டார்: "சார், உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு முழு வருட லாப நட்டத்தைக் காட்ட முடியுமா?" பத்து நிமிடத்தில் அவரை நீக்கிவிட்டார்கள். "எதிர்மறை ஆள் போனது நல்லது" என்று அட்மின் எழுதினார். பலர் கட்டைவிரல் சின்னம் போட்டார்கள். நானும் போட்டேன்.

ஒரு வருடம் கழித்து, சபுரிலிருந்து திரும்பிய ஒரு சகோதரர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்தார். சேமிப்பு என்ன ஆனது என்று கேட்டேன். அதே குழுவின் பெயரைச் சொன்னார். "பாய், எனக்கும் சந்தேகம் வந்தது. செயலாளரே கட்டைவிரல் காட்டுகிறாரே என்றுதான் இருந்துவிட்டேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கடன் கொடுத்தோம். ஆனால் 11 வருடச் சம்பாத்தியத்தை யார் கொடுப்பது?

எப்படிச் சோதிப்பது?

ஒன்று: குழுவில் நட்டத்தைப் பற்றிப் பேச முடிகிறதா என்று பாருங்கள். கேட்டவரை வெளியேற்றினால் நீங்களும் வெளியேறிவிடுங்கள்.

இரண்டு: ஆலோசனைக்குப் பணம் வாங்குகிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். அந்த எண்ணைச் செபி இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். 'உறுதியான லாபம்' என்று சொன்னால் பதிவு இருந்தாலும் நம்பாதீர்கள்.

மூன்று: எழுத்தில் கேளுங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம், குர்ஆனிலேயே மிக நீளமானது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. நம்பிக்கையானவர்களுக்கிடையேயும் கணக்கு எழுதுவது மரியாதைக் குறைவல்ல.

நான்கு: மனைவியிடமோ மகனிடமோ சொல்ல முடியாத முதலீட்டைச் செய்யாதீர்கள்.

ஐந்து: பணம் ஏமாற்றப்பட்டது தெரிந்தால் வெட்கப்பட்டு நாளைக் கடத்தாதீர்கள். இணைய மோசடிக்கு 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். நிதி நிறுவன மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் புகார் கொடுங்கள்.

சேமிப்பதை யாரும் நிறுத்த வேண்டாம். சீக்கிரம் ஊர் திரும்பும் ஆசையையும் விட வேண்டாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். யாராவது பணம் கட்டச் சொல்லியிருந்தால், கட்டுவதற்கு முன் அந்தத் தாளை எடுத்து வாருங்கள். சேர்ந்து வாசிப்போம். நட்டமடைந்தவர்களும் வாருங்கள். உங்கள் அனுபவத்தைப் பெயர் சொல்லாமல் மற்றவர்களுக்குச் சொல்லலாம். ஏழு பேர் குரல் மட்டும் கேட்ட இடத்தில் மற்ற 93 பேர் குரலும் கேட்கட்டும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்