பேரங்காடியும் பக்கத்துக் கடையும்

சம்பள நாள் வந்ததும் தோட்டப்புறக் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. மாதச் சாமான்களைப் பக்கத்துக் கடையிலேயே வாங்குவதா, பட்டணத்துப் பேரங்காடிக்குச் செல்வதா என்பதே அக்கேள்வி. நம் பாட்டன்மார் காலத்தில் இக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. தோட்டத்திற்கு ஒரு கடை, வீட்டிற்கு ஒரு பற்றுப் புத்தகம் என்றே வாழ்க்கை நடந்தது. இன்றோ பட்டணங்கள் தோறும் பேரங்காடிகள் எழுந்துள்ளன. சிறு கடைகள் பல வாடிக்கையாளரை இழந்து தவிக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். உழைத்துப் பெற்ற கூலியை எங்கே செலவிடுவது என்பது தொழிலாளியின் உரிமை. கூலியை இன்ன இடத்தில், இன்னாரிடம், இன்ன முறையில்தான் செலவிட வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனை விதிப்பதை 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் செல்லாததாக்கியுள்ளது. ஆகவே, தேர்வு நம்முடையது. தேர்வு நம்முடையதாயின், அதற்குரிய கணக்கைப் போட்டுப் பார்க்கும் பொறுப்பும் நம்முடையதே.

பேரங்காடி வளர்ந்த விதம்

மலேசியாவில் மிகப் பெரிய அங்காடிகள் 1990ஆம் ஆண்டுகளில் பரவத் தொடங்கின. பிரான்சு நாட்டின் கேரிஃபோர் நிறுவனம் 1994இல் இங்குக் கடை திறந்தது. பிரிட்டனின் டெஸ்கோ 2002இல் வந்தது. இவற்றின் வரவால் சிறு வணிகர் நலிவுறுவர் என்ற கவலை எழுந்தது. எனவே, கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு, ஜொகூர் பாரு ஆகிய இடங்களில் புதிய பேரங்காடிகளுக்கு அனுமதி வழங்குவதை அரசாங்கம் 2004இல் நிறுத்தி வைத்தது. பின்னர் 2011இல் சிறு சில்லறைக் கடைகளைச் சீர்செய்யும் ‘துக்கார்’ திட்டம் தொடங்கப்பட்டது. பெரிய அங்காடி நிறுவனங்களே சிறு கடைக்காரர்களுக்கு வழிகாட்டிகளாக அத்திட்டத்தில் பங்குகொண்டன.

பெரியவை எல்லாம் நிலைப்பதில்லை என்பதையும் வரலாறு காட்டுகின்றது. கேரிஃபோர் 2012இல் தன் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியது. டெஸ்கோவும் 2020இல் தன் கடைகளைத் தாய்லாந்து நிறுவனமொன்றுக்கு விற்றது. மாறாக, 1957இல் கோத்தா பாருவில் சிறு கடையாகத் தோன்றிய மைடின், நாடறிந்த பேரங்காடியாக வளர்ந்துள்ளது. கிள்ளானில் 1987இல் ஒரு மளிகைக் கடையாக ஆரம்பமான 99 ஸ்பீட்மார்ட் நிறுவனம், 2024இல் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இன்று சிறிய பட்டணங்களிலும் அதன் கிளைகள் உள்ளன. ஆகவே, பக்கத்துக் கடையின் போட்டியாளர் இப்பொழுது தொலைவில் மட்டும் இல்லை. அடுத்த சாலைச் சந்திப்பிலும் இருக்கின்றார்.

விலை எவ்வாறு குறைகின்றது?

பேரங்காடி சில பொருள்களை மலிவாக விற்பதில் மாயம் ஏதும் இல்லை. சிறு கடைக்காரர் பத்து மூட்டை அரிசி வாங்கும்போது பேரங்காடி ஆயிரக்கணக்கில் வாங்குகின்றது. மொத்தமாக வாங்குபவருக்கு உற்பத்தியாளர் விலையைக் குறைக்கின்றார். பணம் செலுத்தத் தவணையும் தருகின்றார். இடைத் தரகர் குறைவு. சொந்தக் கிடங்கும் லாரியும் உண்டு. ஒவ்வொரு பொருளிலும் சிறு இலாபமே வைத்தாலும், விற்பனை மிகுதியால் வருமானம் பெருகுகின்றது.

இன்னொரு முறையும் உண்டு. எண்ணெய், சீனி, முட்டை போன்று எல்லாரும் விலை அறிந்த ஒரு சில பொருள்களை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்று விளம்பரம் செய்வார்கள். அதை நாடி வருபவர் வேறு பல பொருள்களையும் வாங்கிச் செல்வார் என்பதே அதன் நோக்கம். அன்றாடத் தேவைப் பொருள்கள் கடையின் உட்கோடியில் இருப்பதும், இனிப்பு வகைகள் பணம் செலுத்துமிடத்தில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதும் தற்செயல் அல்ல.

விலை அட்டையில் 9 வெள்ளி 99 காசு என்றிருப்பதைக் கண்டால் மனம் ஒன்பது வெள்ளி என்றே எண்ணுகின்றது. ஆனால், 2008 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி, ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யப்படுகின்றது. அந்த ஒரு பொருளை மட்டும் வாங்கி ரொக்கம் கொடுப்பவர் 10 வெள்ளியே கொடுக்கின்றார்.

சிறு கடையின் நிறையும் குறையும்

பக்கத்துக் கடையில் 50 காசுக்கு மஞ்சளும் ஒரு வெள்ளிக்கு வெங்காயமும் வாங்கலாம். பிள்ளையை அனுப்பினாலும் பொருள் வீடு வந்து சேரும். எல்லாவற்றிற்கும் மேலாக, அங்குக் கடன் கிடைக்கும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை என்பதும், இலையுதிர் மாதங்களில் பால் குறைந்து வருமானம் சுருங்கும் என்பதும் நமக்குத் தெரிந்தவையே. அந்நாள்களில் அடுப்பு எரிய உதவுவது பெரும்பாலும் பக்கத்துக் கடையின் பற்றுப் புத்தகமே. பேரங்காடியில் புத்தகம் இல்லை.

எனினும், கடன் இலவசம் அன்று. கடைக்காரர் பணம் வரக் காத்திருக்க வேண்டும். சிலரிடம் அது வராமலும் போகும். அந்த இழப்பை அவர் பொருள் விலையில் ஏற்றுகின்றார். ஆகவே, ரொக்கம் கொடுப்பவரும் பிறரது கடனுக்காகச் சிறிது மிகுதியாகக் கொடுக்க நேர்கின்றது. விலை அட்டை வைக்காத கடையும், கணக்கை ஒருவர் மட்டுமே எழுதி வைத்திருக்கும் கடையும் வாடிக்கையாளரின் நம்பிக்கையை இழக்கின்றன. சிறு கடைகள் நலிவதற்குப் பேரங்காடி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அதன் மாதச் சாமான் பக்கத்துக் கடையில் 180 வெள்ளி. அதே பொருள்கள் பேரங்காடியில் 160 வெள்ளி. மிச்சம் 20 வெள்ளி என்று தோன்றும். போய்வரும் செலவு 12 வெள்ளி எனில், மொத்தம் 172 ஆகின்றது. உண்மையான மிச்சம் 8 வெள்ளி மட்டுமே. அங்குச் சென்றபின் பட்டியலில் இல்லாத பொருள்களுக்கு 25 வெள்ளி செலவழித்தால் மொத்தம் 197 ஆகிவிடும். மிச்சம் பிடிக்கப் போனவர் 17 வெள்ளி கூடுதலாகச் செலவு செய்து திரும்புகின்றார்.

இதே குடும்பம் வேறு மூன்று குடும்பங்களுடன் சேர்ந்து ஒரே வண்டியில் சென்று, அந்த 12 வெள்ளியைப் பகிர்ந்துகொண்டால், போக்குவரத்துச் செலவு 3 வெள்ளியாகக் குறையும். பட்டியலையும் மீறாதிருந்தால் மிச்சம் 17 வெள்ளி. கடை ஒன்றே, விலையும் ஒன்றே; வாங்கும் முறையே இலாபத்தையும் நட்டத்தையும் முடிவு செய்கின்றது.

எடையையும் கவனித்தல் வேண்டும். 850 கிராம் பருப்புப் பொட்டலம் 7 வெள்ளி 65 காசு. ஒரு கிலோ பருப்பு 8 வெள்ளி 50 காசு. முன்னது மலிவாகத் தோன்றுகின்றது. 100 கிராமுக்குக் கணக்கிட்டால் முன்னது 90 காசு, பின்னது 85 காசு. பெரிய பொட்டலம் எப்பொழுதும் மலிவு என்பதும் இல்லை, சிறியது எப்பொழுதும் மலிவு என்பதும் இல்லை. வகுத்துப் பார்ப்பதே வழி.

கடை மூடப்பட்டால்

எல்லாரும் ரொக்கம் உள்ளபோது பேரங்காடிக்குச் சென்று, கையில் காசில்லாதபோது மட்டும் பக்கத்துக் கடையை நாடினால், அக்கடை நெடுநாள் நிலைக்காது. கடனை மட்டும் சுமந்து எந்தக் கடையும் வாழ இயலாது. மூடப்பட்ட பின் பெருந்துன்பம் யாருக்கு? மோட்டார் சைக்கிள் உள்ள இளைஞருக்கு அன்று. முதியோருக்கும், கைக்குழந்தை உள்ள தாய்க்கும், நோயாளிக்குமே துன்பம். ஒரு பொட்டலம் உப்புக்காகவும் அவர்கள் பட்டணம் போக வேண்டியிருக்கும். போட்டி இல்லாத இடத்தில் எஞ்சியிருக்கும் கடை வைத்ததே விலை ஆகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

1. வீட்டில் பட்டியல் எழுதிய பின்னரே புறப்படுக. பட்டியலில் இல்லாததை அன்று வாங்குவதில்லை என்று உறுதி கொள்க.

2. அரிசி, சவர்க்காரம் போன்று கெடாத பொருள்களை மலிவான இடத்தில் மொத்தமாக வாங்கலாம். காய்கறி, மீன், அன்றாடச் சில்லறைப் பொருள்களைப் பக்கத்துக் கடையில் வாங்கலாம்.

3. பற்றுப் புத்தகத்தை இரண்டாக வைத்துக்கொள்க. ஒன்று கடையில், மற்றொன்று வீட்டில். வாங்கிய அன்றே தேதியும் தொகையும் இரண்டிலும் எழுதப்படல் வேண்டும்.

4. சம்பளம் கிடைத்ததும் பழைய பற்றை அடைத்த பின்னரே பட்டணம் செல்க. இது நாணயம் மட்டுமன்று. அடுத்த மழைக்காலத்திற்கான பாதுகாப்பும் ஆகும்.

5. எந்தக் கடையானாலும் விலை அட்டையைப் பார்த்து வாங்கி, பற்றுச் சீட்டைக் கேட்டுப் பெறுக. பொருளில் குறையிருந்து கடைக்காரர் தீர்வு தர மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் முறையிடலாம். அங்கு வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால், பற்றுச் சீட்டு கையில் இருந்தால்தான் வழக்கு வலுப்பெறும்.

6. அண்டை வீட்டாருடன் கூட்டாக வாங்கப் பழகுக. சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே விலைக்கு வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் தோட்டத் தொழிலாளர்களை நம்பித் தொடங்கப்பட்டதே. தோட்டத்தையே வாங்க முடிந்த கைகளுக்கு அரிசி மூட்டையைக் கூட்டாக வாங்குவது அரிய செயல் அன்று.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

சென்ற மாதம் பட்டியலில் இல்லாமல் வாங்கிய பொருள்கள் எவை? அவற்றின் மொத்த விலை என்ன? பட்டணம் போய்வந்த செலவு எவ்வளவு? பக்கத்துக் கடையில் உள்ள பற்று எத்தனை வெள்ளி, அது எந்தத் தேதியில் அடைபடும்? இவ்வினாக்களுக்குக் கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து விடை எழுதுவார்களாயின், அடுத்த சம்பள நாளில் எந்தக் கடைக்குச் செல்வது என்பதை அத்தாளே சொல்லிவிடும்.