பழைய காரின் ரேடியேட்டர் விசிறி: பழுதைக் கண்டறியும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மல்லிகை பயிரிடும் உழவர் பலரிடம் இன்று ஒரு பழைய கார் இருக்கிறது. விடியற்காலையில் பறித்த மொட்டு, மலர்வதற்கு முன் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வழியில் வண்டி கொதித்து நின்றுவிட்டால் அன்றைய பூவுக்கு விலை கிடையாது. கொதிக்கும் எஞ்சினைச் சந்தைவரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று துணிந்தால் இழப்பு இன்னும் பெரிது. அலுமினிய சிலிண்டர் ஹெட் வெப்பத்தில் வளைந்துவிடும். அதைச் சரிசெய்யும் செலவு பல நாள் பூ விற்ற பணத்தை விழுங்கிவிடும். ஆனால் இந்தக் கொதிப்புக்குப் பல நேரங்களில் காரணமாக இருப்பது ஒரு பியூஸோ, துருப்பிடித்த ஒரு கம்பி முனையோதான்.

பெட்ரோல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றியோடும் தண்ணீர் எடுத்துச் சென்று ரேடியேட்டரில் விடுகிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கப் போதுமானது. ரயில்வே கேட்டிலும், கீழவாசல் நெரிசலிலும் நிற்கும்போதுதான் விசிறி தேவைப்படுகிறது. எனவே நிற்கும்போது வெப்பமானியின் முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். நாற்கரச் சாலையில் சீராக ஓடும்போதே முள் ஏறினால் பெரும்பாலும் விசிறி குற்றவாளி அல்ல. தண்ணீர்க் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் திறவாமை ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நெற்பயிர் மஞ்சளித்தவுடன் காரணம் பாராமல் யூரியாவை வீசுபவர் உண்டு; நீர் தேங்கியதாலும் மஞ்சளிக்கும், சத்துக் குறைவாலும் மஞ்சளிக்கும். வண்டிக்கும் அப்படியே, அறிகுறியைப் பிரித்தறியாமல் பாகத்தை மாற்றுவது வீண் செலவு.

நம் பகுதியில் இன்னும் ஓடும் பழைய கார்களில் இருவகை விசிறி உண்டு. அம்பாசிடரில் எஞ்சின் சுழலும்போதெல்லாம் பெல்ட்டால் விசிறியும் சுழலும். டிராக்டரிலும் இதே அமைப்புதான். மாருதி 800-இல் மின்சார மோட்டார் விசிறியைச் சுழற்றுகிறது. இவ்விரு கார்களின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. பெல்ட் விசிறியைச் சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் பெல்ட் வழுக்கும்; உட்புறம் பளபளப்பாகவோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

மின்சார விசிறியைச் சோதித்தல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே கூடாது. மூடி தரும் அழுத்தத்தால் உள்ளே தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் ஆவியாகப் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். தண்ணீர் மட்டத்தை முதலில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விசிறியை இயக்கும் தெர்மோ சுவிட்ச் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் வெப்பத்தைச் சரியாக உணரும். மட்டம் குறைந்து அது வெற்றிடத்தில் நின்றால், எஞ்சின் கொதித்தாலும் விசிறி சுழலாது.

மட்டம் சரியாக இருந்தால் மூடியை இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு முள்ளைக் கவனிக்கவும். முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கு முன்பே விசிறி சுழலத் தொடங்க வேண்டும். சுழன்றால் முன்புறக் கிரில்லில் ஒரு தாளை வைத்துப் பார்க்கலாம். ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ள விசிறி காற்றை எஞ்சின் பக்கம் இழுப்பதால் தாள் ஒட்டிக்கொள்ளும். தாள் விலகித் தள்ளப்பட்டால், மோட்டாரை மாற்றியவர் கம்பிகளை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று பொருள். இது நடக்காத ஒன்றல்ல.

விசிறி சுழலவில்லை என்றால், முள் சிவப்பை எட்டுமுன் எஞ்சினை நிறுத்திப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி திடீரெனச் சுழலும், விரல் போய்விடும். இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தால் தடையின்றிச் சுற்ற வேண்டும். கடினமாக இருந்தால் மோட்டாரின் புஷ் இறுகிவிட்டது. இறக்கை தளர்வின்றிச் சுற்றினால் பியூஸைப் பாருங்கள். பியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியருள்ள பியூஸையே போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளையோ தடித்த கம்பியையோ சுற்றிப்போடும் வழக்கம் வண்டியையே எரித்துவிடக்கூடியது. புதிய பியூஸும் எரிந்தால் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது, அல்லது எங்கோ கம்பி உராய்ந்து பாடியைத் தொடுகிறது.

பியூஸ் நன்றாக இருந்தால் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக இரு கம்பிகள் கொடுத்துப் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் கம்பியில் ஒரு பியூஸ் இருக்கட்டும். கடைசி இணைப்பை மோட்டார் பக்கத்தில் செய்யவும். பேட்டரியின் அருகே தீப்பொறி கூடாது. மோட்டார் வேகமாகச் சுழன்றால் அது பழுதில்லை. தட்டினால்தான் சுழல்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. பிரஷ் மாற்றித்தரும் எலக்ட்ரீஷியனைக் கண்டால் புது மோட்டார் தேவைப்படாது.

மோட்டார் நல்லதென்று தெரிந்தால் பிளக்கையும் நெகட்டிவ் கம்பியையும் மாட்டிவிட்டுத் தெர்மோ சுவிட்சுக்கு வரலாம். சாவியைத் திருகிவைத்து, சுவிட்சின் இரு கம்பிகளைக் கழற்றி ஒன்றோடொன்று இணைக்கவும். ஒற்றைக் கம்பி சுவிட்ச் என்றால் அந்தக் கம்பியை எஞ்சின் பாடியில் தொடவும். விசிறி சுழன்றால் குறை சுவிட்சில். சந்தேகம் தீர, எஞ்சின் ஆறிய பின் அதைக் கழற்றி, முனை மட்டும் மூழ்கும்படி சட்டி வெந்நீரில் பிடித்து, 12 வோல்ட் பல்பை இடையில் இணைத்துப் பார்க்கலாம். பெரும்பாலான சுவிட்சுகள் தண்ணீர் கொதிநிலையை எட்டுமுன் பல்பை எரியவைக்கும்.

கம்பிகளை இணைத்தும் விசிறி சுழலாவிட்டால் ரிலேயும் எர்த் கம்பியும் மீதி. ரிலே 'டிக்' என்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். அதே எண்ணுள்ள வேறு ரிலே வண்டியில் இருந்தால் மாற்றிப்போட்டுப் பார்க்கலாம். எர்த் முனையைத் துரு போகச் சுரண்டி இறுக்கினாலே பல பழைய வண்டிகளில் விசிறி உயிர்பெறுகிறது. கார்புரேட்டர் இல்லாமல் கணினிப் பெட்டியுடன் வந்த பிற்கால வண்டிகளில் விசிறியைக் கணினியே இயக்குகிறது. அவற்றில் கம்பிகளை இணைத்துப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

'டைரக்ட்' போடலாமா?

சாவி திருகியதும் விசிறி எப்போதும் சுழலும்படி 'டைரக்ட்' போட்டுத்தரும் பழக்கம் இங்கு பரவலாக உள்ளது. ஊர் திரும்பும்வரை இது உதவும். நிலையான ஏற்பாடாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. எஞ்சின் சூடேற நேரமாகிப் பெட்ரோல் வீணாகிறது. பிரஷ் விரைவில் தேய்கிறது. இரவில் விளக்கும் விசிறியும் சேர்ந்து பேட்டரியை வாட்டுகின்றன. சுவிட்சை மாற்றுவதே முறை.

ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ரேடியேட்டரில் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கும் அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாயையும் தெர்மோ சுவிட்சின் முனையையும் மூடிவிடுகிறது. அதற்குரிய கூலன்டையும் வடிநீரையும் கலந்து ஊற்றுவது நல்லது. களத்தில் நிறுத்திய வண்டியின் ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைந்திருந்தால், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய வேகத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாம். வேகம் மிகுந்தால் தகடுகள் மடங்கிவிடும்.

வழியில் விசிறி நின்றுபோனால் ஏசியை அணைத்து, நெரிசலில்லாத சாலையில் சீரான வேகத்தில் செல்லலாம். முள் சிவப்பைத் தொட்டால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். பானெட்டைத் திறந்து அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்ட பிறகே மூடியைத் தொடலாம். சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றவே கூடாது. பூக்கூடைகளை மட்டும் அடுத்து வரும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடலாம்.