இடமிருந்தும் ஏறாத வீடியோ

மார்கழி வந்தால் மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரி; தை பிறந்தால் தி.நகர் மண்டபங்களில் கல்யாணம். வீடியோ எடுப்பவர்களுக்கு உதவியாளராகப் போகும் நம் பாலிடெக்னிக் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "பென் டிரைவ் 64 ஜி.பி., உள்ளே ஒண்ணுமே இல்லை. 11 ஜி.பி. ஃபைலைப் போட்டா 'ஃபைல் ரொம்பப் பெரிசு'ங்குது. டிரைவ் போச்சாடா?"

போகவில்லை. அந்த டிரைவ் பெரும்பாலும் ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்த முறை அது. ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு எழுதி வைக்கும். பெயர், தேதி எல்லாம் போக, ஃபைலின் அளவை எழுத அதில் 4 பைட் மட்டுமே இடம். பேங்க் சலானில் தொகை எழுத ஐந்து கட்டம்தான் இருக்கிறது என்றால் 99,999-க்கு மேல் எழுத முடியுமா? பெட்டகம் காலியாக இருந்து என்ன பயன்? 4 பைட் என்றால் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜி.பி.க்கு ஒரே ஒரு பைட் குறைவு.

(வைவாவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்: ஃபேட் 32 என்ற பெயரில் வரும் 32, கிளஸ்டர் எண்ணின் அளவைக் குறிப்பது. ஃபைல் அளவுக்கு 4 பைட் என்பது டாஸ் காலத்திலிருந்தே இருப்பது.)

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் வினாடிக்கு 1.25 எம்.பி. இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு 9,000 வினாடி, ஆக 11.25 ஜி.பி. எல்லையைத் தொடுவது சுமார் 57-ஆவது நிமிடத்தில். ஃபேட் 32 கார்டு போட்ட கேமரா பலவும் அந்த இடத்தில் தானே ஃபைலை வெட்டி, அடுத்ததைத் தொடங்கிவிடும். இரண்டாவது வெட்டு ஏறக்குறைய 114-ஆவது நிமிடம். மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து விழுந்தாலும் விழும்! எடிட்டிங்கில் துண்டுகளை வரிசையாகச் சேர்த்து ஒரே ஃபைலாக்கிய பிறகுதான் பென் டிரைவில் தகராறு ஆரம்பிக்கிறது.

"ஸிப் பண்ணிப் போடுடா" என்று ஒரு யோசனை எப்போதும் வரும். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஸிப் செய்தாலும் அளவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

சரியான வழி, டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்வது. 2006-இல் வந்த இந்த முறையில் ஃபைல் அளவுக்கு 64 பிட் உண்டு. 2019-இல் மைக்ரோசாப்ட் இதன் விவரக்குறிப்பை வெளியிட்டது; அதே ஆண்டு லினக்ஸ் 5.4-லும் சேர்ந்தது. ஆனால் ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். ஸ்டுடியோவில் கல்யாண வீட்டுக்காரர் கொடுத்த டிரைவ் என்றால், அதில் அவர்கள் வீட்டுப் படங்கள் இருக்கலாம்; கேட்காமல் கை வைக்கக் கூடாது. அழிக்க முடியாத நிலையில் விண்டோஸின் 'கன்வர்ட்' கட்டளை உதவும். உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டே ஃபேட் 32-ஐ என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றும். அதே கட்டளையால் திரும்ப ஃபேட் 32-க்கு வர முடியாது.

பாட்டி வீட்டுப் பழைய டி.வி.யில் போட்டுப் பார்க்க வேண்டுமா? எக்ஸ்ஃபேட்டைப் படிப்பது டி.வி.க்கு டி.வி. மாறும். அங்கே ஃபேட் 32-ஐயே வைத்துக்கொண்டு, வீடியோவை 4 ஜி.பி.க்குக் குறைவான துண்டுகளாக வெட்டுவதே நல்லது. எம்.கே.வி.டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருள், ஒவ்வொரு துண்டும் தனியே ஓடும்படி வெட்டித் தரும். அது தருவது எம்.கே.வி. ஃபைல், டி.வி. அதை ஓட்டுகிறதா என்று முதலில் ஒரு சின்னத் துண்டைப் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தும் ஃபைல் கெட்டுப்போனால் வேறு இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, அவசரம். லினக்ஸில் காப்பி முடிந்தது என்று காட்டினாலும் பாதி தகவல் இன்னும் மெமரியில் இருக்கலாம். 'எஜெக்ட்' கொடுத்து, சரி என்று சொன்ன பிறகே பிடுங்க வேண்டும். இன்னொன்று போலி டிரைவ். சில நூறு ரூபாய்க்கு '1 டி.பி.' என்று விற்பது பெரும்பாலும் 16 அல்லது 32 ஜி.பி.தான், கன்ட்ரோலர் பொய்க் கணக்குச் சொல்லும். முதலில் போட்டவை நன்றாக ஓடும், பிறகு போட்டவை குப்பையாகிவிடும். லினக்ஸில் எஃப்3 போன்ற கருவி, டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும்.

தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது. அதனால் காப்பி முடிந்ததும் டிரைவைக் கழற்றி, மீண்டும் செருகுங்கள். அப்படியே சோதித்தால் மெமரியில் இருக்கும் நகலையே படித்துவிட்டு 'ஓகே' சொல்லிவிடக்கூடும். பிறகு இரண்டு ஃபைலுக்கும் செக்சம் எடுத்து ஒப்பிடுங்கள். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டில் வினாடிக்கு 30 எம்.பி. கிடைத்தால், அந்த 11.25 ஜி.பி.யைத் திரும்பப் படிக்க ஆறேகால் நிமிடம். கேமரா கார்டை அழிப்பது அதற்குப் பிறகுதான்.