டாக்குமெண்டேஷன் டீமில் யாருக்கு என்ன வேலை?

டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு வரும் அறிவிப்புகளைப் பார்த்தால், ஒரே பதவிப் பெயருக்குக் கீழே நாலு பேருக்கான வேலை இருக்கும். யூசர் கைடு எழுத வேண்டும், ஏபிஐ டாக்குமெண்டேஷன் செய்ய வேண்டும், வீடியோ எடிட் பண்ண வேண்டும், கிட், மேட்கேப் ஃப்ளேர் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தவும் வேண்டும். சம்பளம் மட்டும் ஒருவருக்கானது. பெரிய டீம்களில் நிலைமை நேர் எதிர். எடிட்டர் எடிட்டிங் மட்டும் பார்ப்பார், டூல்ஸ் ஆள் டூல்ஸ் மட்டும் பார்ப்பார், ஒரு கமா போடவும் டிக்கெட் எழுப்ப வேண்டும். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இரண்டு வகை டீமிலும் நான் இருந்திருக்கிறேன். நாகர்கோவில் பக்கமிருந்து ரயிலேறி வேலைக்கு வருகிற பிள்ளைகள், "அண்ணா, ஒண்ணுல ஆழமாப் போகணுமா, எல்லாத்தையும் படிச்சு வைக்கணுமா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதும் வேலையை எத்தனை பேர் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால், தப்பானால் வாடிக்கையாளருக்குக் காசோ உயிரோ போகிற பகுதிக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பாளியாக இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு அந்தத் துறை அடிமுதல் நுனிவரை தெரிந்திருக்க வேண்டும். இதுதான் என் கட்சி.

ஒரு உதாரணம். டிரெயினிங் வீடியோக்களை அருமையாகச் செய்துவந்த ஒரு பெண்ணிடம், ஆள் இல்லை என்று ஏபிஐ டாக்குமெண்டையும் கொடுத்தார்கள். 'புக்கிங் டேட்' என்ற ஃபீல்டுக்கு எதிரே அவர் எழுதியது: 'புக்கிங் செய்யப்பட்ட தேதி.' இலக்கணம் சரி, ஸ்டைல் கைடுபடியும் சரி. மேலோட்டமாகப் பார்ப்பவர் அப்படியே அப்ரூவ் செய்துவிடுவார். அதே வரியை ஏபிஐ எழுதிப் பழகிய ஒரு சேச்சி பார்த்தார். பார்த்ததும் கேள்விகளை அடுக்கினார். எந்த நேர மண்டலம்? காலியாக விட்டால் என்ன ஆகும்? எதிர்காலத் தேதி கொடுத்தால் எந்த எரர் கோடு வரும்? நம் ஊரில் ஐந்தாம் தேதி அதிகாலை 2 மணிக்குப் போட்ட புக்கிங், யூடிசி கணக்கில் நான்காம் தேதி இரவு 8.30. அந்த ஐந்தரை மணி நேர வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால், ரிப்போர்ட்டில் வருமானம் ஒரு நாள் இடம் மாறிப் போகும். வீடியோ செய்த பெண்ணிடம் திறமைக் குறைவு ஒன்றும் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்பது அந்த வேலையிலேயே ஊறியவருக்குத்தான் தோன்றும்.

ஸ்பெஷலிஸ்ட்தான் உசத்தி என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். இன்னொரு இடத்தில் டிட்டா முறையில் எல்லா மேனுவல்களையும் எழுதினோம். 2005-ல் ஒயாசிஸ் அமைப்பு தரமாக ஏற்றுக்கொண்ட எக்ஸ்எம்எல் முறை அது. கான்செப்ட், டாஸ்க், ரெஃபரன்ஸ் என்று விஷயத்தைத் துண்டுகளாக எழுதிவைத்து, வேண்டிய மாதிரி கோத்துக்கொள்ளலாம். பிடிஎஃப்பை உருவாக்கும் ஸ்டைல்ஷீட் முழுக்க ஒரே ஆளின் கையில் இருந்தது. அவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போனார். அடுத்த ரிலீஸில் டேபிள்கள் பக்கத்தைத் தாண்டி ஓடின. சரிசெய்ய ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வேர்டில் ஒட்டி அனுப்பினோம்.

வேலையைப் பகிர்ந்துகொண்டே பொறுப்பைப் பிரித்துவைப்பதற்கு நல்ல முன்னுதாரணம் டெக்னோபார்க்குக்குப் பக்கத்திலேயே, தும்பாவில் இருக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட், அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி, ஏவப்பட்டது. புனித மரிய மக்தலேனா தேவாலயக் கட்டடம்தான் ஆபீஸும் பணிமனையும். ராக்கெட்டை ஏவுதளத்தில் ஏற்றும்போது கிரேனின் ஹைட்ராலிக்கில் கசிவு. கூடியிருந்தவர்கள் கைகளாலேயே தூக்கி வைத்தார்கள் என்று அப்துல் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தூக்குவதற்குப் பதவி பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சின்னக் குழுவிலும் ராக்கெட்டை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. ராடார், டெலிமெட்ரி, தரை உதவிப் பணிகள் அவருடைய சகா ஆராவமுதனுடையவை. ஆள் குறைவு என்பதற்காகப் பொறுப்பைக் குழப்பிக்கொள்ளவில்லை.

டீம் லீடாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் டாக்குமெண்ட்களில் எது தப்பானால் யாருக்கு என்ன நஷ்டம் என்று முதலில் எழுதிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட், ரிலீஸ் நோட், எஃப்ஏக்யூ மாதிரியானவற்றை யாரும் செய்யட்டும், மாறி மாறியும் செய்யட்டும். எச்சரிக்கை வாசகங்கள், ஏபிஐ, டேட்டா மைக்ரேஷன், இன்ஸ்டலேஷன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் போடுங்கள். பக்கத்திலேயே இரண்டாவது பெயரும் போடுங்கள். அந்த இரண்டாவது ஆள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. ஒரு ரிலீஸை முழுக்க அவர் கையில் விட்டுவிட்டு, முதல் ஆள் லீவில் போக வேண்டும். இதைச் செய்யாத டீம்களில் 'பேக்கப்' என்பது எக்ஸெல்லில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

எழுதும் விதிகளை எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கலாம். விமானப் பராமரிப்பு மேனுவல்களுக்கான எளிய ஆங்கிலத் தரத்தில், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, பொதுவாக ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான் இருக்கலாம். இதைக் கொஞ்ச நாளில் யாரும் பழகிவிடுவார்கள். எந்த வால்வை முதலில் மூட வேண்டும் என்பதை இஞ்சினியரிடம் வாதாடிக் கறக்கத்தான் வருஷங்கள் ஆகும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு: டூலில் ஆழம் தேடாதீர்கள். ஃப்ரேம்மேக்கர், ரோபோஹெல்ப் என்று பெருமையாக ரெஸ்யூமேயில் போட்டவர்கள் பலரும் இன்று மார்க்டவுனில்தான் எழுதுகிறார்கள். விமானம், வங்கி, மருத்துவக் கருவி, எதுவானாலும் ஒரு துறையைப் பிடியுங்கள். அதில் டெவலப்பர் உங்களிடம் வந்து சந்தேகம் கேட்கும் அளவுக்குப் போங்கள். மற்றதெல்லாம் கை ஓடும் அளவுக்குத் தெரிந்தால் போதும். ஏஐ இப்போது முதல் வரைவை நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறது. பெரும்பாலும் 'புக்கிங் செய்யப்பட்ட தேதி' ரகத்தில், பிழையில்லாமல், வழவழவென்று இருக்கும். அதில் நேர மண்டலம் விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பவருக்குத்தான் இனி வேலை.

பல வேலை தெரிந்தவர் தேவை என்று கூப்பிடும் கம்பெனிகளில் பாதி, இன்னொரு ஆளை எடுக்க மனமில்லாதவை. இதையும் தெரிந்துகொண்டே போங்கள். இன்டர்வியூவில் கடைசியாக, "கேள்வி ஏதாவது உண்டா?" என்பார்கள். ரிலீஸுக்கு முன்னால் டாக்குமெண்டுக்குக் கடைசி 'ஓகே' சொல்வது யார் என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் சேரலாம். "எல்லாரும் சேர்ந்துதான்" என்றால், சம்பளத்தை இன்னொரு தடவை பேசிவிட்டு முடிவெடுங்கள்.